மங்காவுக்கும் மன்ஹ்வாவுக்கும் புதியவரா? சின்னத் தொடர்களிலிருந்து தொடங்குங்கள்

"மங்கா படிக்கலாம்னு இருக்கேன், எதிலிருந்து ஆரம்பிக்கிறது?" என்று யாராவது கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன் பீஸ், நருட்டோ, டெத் நோட். (மங்கா என்றால் ஜப்பானியக் காமிக்ஸ், மன்ஹ்வா என்றால் கொரியக் காமிக்ஸ்.) மூன்றுமே நல்ல கதைகள்தான். ஆனால் ஒன் பீஸ் 1997-இல் தொடங்கி, நூறு தொகுதிகளைத் தாண்டி இன்னமும் வந்துகொண்டிருக்கிறது. வேலை முடித்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, படுக்கும் முன் அரை மணி நேரம் கிடைக்கிற ஒருவர் கையில் அதைக் கொடுத்தால் பத்தாவது தொகுதிக்குள் மூச்சு வாங்கிவிடும். அப்புறம் "இது நமக்கு ஒத்துவராது" என்று ஒதுங்கிவிடுவார். இப்படி ஒதுங்கிப்போன நல்ல வாசகர்கள் சிலர் என் நண்பர்களாகவே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்திருக்கக்கூடிய புத்தகங்கள் எத்தனையோ இருந்தன. அதை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் அலமாரியில் திரும்பத் திரும்ப எடுக்கப்படும் புத்தகங்கள் ஒரு தொகுதி, மூன்று தொகுதி, மிஞ்சிப்போனால் பதினைந்து தொகுதியில் முடிந்துபோனவை. புகுந்த வீடு, ரேஷன் அரிசி, மாட்டுப் பண்ணை, அம்மாவின் நோய், வாடகைக்கு வீடு தேடி அலைவது என்று நம் வீட்டில் நடப்பதைப் பேசுபவை. ஆகவே நான் சொல்வது இதுதான்: ரேட்டிங் பட்டியலை மூடிவையுங்கள். இப்போது உங்கள் மனசில் எது ஓடிக்கொண்டிருக்கிறதோ, அதைப் பற்றிய ஒரு சின்னத் தொடரை, ஏற்கெனவே முடிந்துவிட்ட தொடரை எடுங்கள்.

முதல் படி: எது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஜப்பானில் மங்கா பெரும்பாலும் முதலில் பத்திரிகையில் தொடராக வரும். வாரப் பத்திரிகை என்றால் வாரத்துக்கு இருபது பக்கம் போல. கொஞ்சம் அத்தியாயங்கள் சேர்ந்ததும் சுமார் 200 பக்கத் தொகுதியாகக் கடைக்கு வரும். வாரப் பத்திரிகையில் வரும் கதை ஒவ்வொரு வாரமும் வாசகரைப் பிடித்து நிறுத்தியாக வேண்டும். அதனால் சண்டையும் திருப்பமும் அடிக்கடி வரும், அத்தியாயத்தின் கடைசிக் கட்டத்தில் ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். மாதப் பத்திரிகையில் அந்த அவசரம் குறைவு. ஆகவே நிதானமான கதை வேண்டுமென்றால், அது முதலில் எந்தப் பத்திரிகையில் வந்தது என்று பாருங்கள். பாதி வேலை முடிந்துவிடும். 'ஆஃப்டர்நூன்' என்ற மாத இதழின் பெயரைப் பார்த்தால் நான் கட்டாயம் நின்று புரட்டிப் பார்ப்பேன்.

ஷோனென், ஷோஜோ, செய்னென், ஜோசெய் என்ற நான்கு சொற்கள் எங்கும் கண்ணில் படும். பையன்களுக்கு, பெண்பிள்ளைகளுக்கு, வளர்ந்த ஆண்களுக்கு, வளர்ந்த பெண்களுக்கு என்று பத்திரிகைகள் தங்கள் வாசகர்களைப் பிரித்துக்கொண்ட வகை அது. படிப்பதற்கு அந்த வேலி எதுவும் கிடையாது. ஆனாலும் முப்பதைத் தாண்டியவர்கள் தேடும்போது செய்னென், ஜோசெய் என்று போட்டுத் தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.

கொரியாவில் இதன் பெயர் மன்ஹ்வா. அச்சுப் புத்தகங்கள் நம்முடையவை போலவே இடமிருந்து வலம். ஆனால் இன்று கொரியக் காமிக்ஸ் என்றால் பலரும் நினைப்பது, போனில் மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே படிக்கும் வண்ண வெப்டூனைத்தான். 2003-இல் காங் ஃபுல் என்ற ஓவியர் டவும் (Daum) என்ற கொரிய இணையதளத்தில் வெளியிட்ட தொடர்தான் இந்த வடிவத்தை மக்களிடம் கொண்டுசேர்த்தது. அடுத்த வருடம் இன்னொரு கொரிய இணைய நிறுவனமான நேவர் களத்தில் இறங்கியது. 2014-இல் அவர்களின் ஆங்கிலச் சேவை வந்தது.

இரண்டாம் படி: கண்ணைப் பழக்குங்கள்

மங்காவை நாம் 'கடைசிப் பக்கம்' என்று நினைக்கும் இடத்திலிருந்து திறக்க வேண்டும். பக்கத்தின் வலது மேல்மூலைதான் முதல் கட்டம். அங்கிருந்து இடப்பக்கம் போய், வரிசை முடிந்ததும் கீழ் வரிசையின் வலது கோடிக்கு இறங்க வேண்டும். ஒரே கட்டத்துக்குள் இரண்டு வசன பலூன் இருந்தாலும் வலதுபக்கம் இருப்பதுதான் முதலில்.

ஒன்பதாவது படிக்கும் என் அக்கா மகனுக்கு முதல் தடவை கொடுத்தபோது, பதிலை முதலில் படித்துவிட்டுக் கேள்வியைப் பிறகு படித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்து, வலது மூலையில் வைத்து, ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினேன். நாலு பக்கம் போனதும் அவனே விரலை விடுவித்துக்கொண்டான். அவ்வளவுதான் பயிற்சி. வெட்கப்படாமல் நீங்களும் முதல் அத்தியாயத்தை விரல் வைத்துப் படியுங்கள். இன்னொன்று: சில ஆங்கிலப் பதிப்புகளில் பக்கங்களைக் கண்ணாடி பிம்பம்போலத் திருப்பி, நம் வழக்கப்படி இடமிருந்து வலமாக அச்சிட்டிருப்பார்கள். உங்கள் பிரதி எந்த வகை என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கண் பழகினால் போதாது, வேகமும் குறைய வேண்டும். லயன்-முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்த நாம் வசனத்தைத் தேடி ஓடுவோம். ஒரு பக்கத்தில் எழுத்தே இல்லையென்றால் அரை நொடியில் புரட்டிவிடுவோம். அதற்கு மருந்தாக நான் கொடுப்பது ஜிரோ தானிகுச்சியின் 'தி வாக்கிங் மேன்'. ஒரு நடுவயதுக்காரர் தன் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கிறார். அவ்வளவுதான் கதை. ஒரு நாள் பையன்களின் விளையாட்டு விமானம் மரத்தில் மாட்டிக்கொள்கிறது, ஏறி எடுத்துக் கொடுக்கிறார். இன்னொரு நாள் கண்ணாடி உடைந்துபோய் மங்கலான உலகத்தில் நடந்து வீடு சேர்கிறார். வசனம் மிகக் குறைவு. இலை, ஓட்டுக்கூரை, மழைக்குப் பிறகு ஈரமாகிக் கிடக்கும் பாதை என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வரைந்திருப்பார். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம், அதற்குப் பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் கண் வேறு கண்ணாகிவிடும்.

வெப்டூனில் இதே நிதானம் விரலில் இருக்க வேண்டும். இரண்டு படங்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம்தான் அங்கே நேரம். இடைவெளி நீளமென்றால் பாத்திரம் யோசிக்கிறது, அல்லது நேரம் கடக்கிறது என்று பொருள். சர்ரென்று தள்ளிவிட்டால் அந்த மௌனம் போய்விடும்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஜப்பானிய மொழியில் நம் இரட்டைக்கிளவி போன்ற சொற்கள் ஏராளம். நெஞ்சு அடித்துக்கொள்வது 'டோகி டோகி', நமக்குத் 'திக் திக்'. இலை அசைவதும் கூட்டம் சலசலப்பதும் 'ஸாவா ஸாவா'. யாரும் பேசாத அமைதிக்குக்கூட 'ஷீன்' என்று ஒரு சொல் உண்டு, அதையும் படத்துக்குள் எழுதிவிடுவார்கள். ஆங்கிலப் பதிப்பில் இவற்றின் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஏதோ ஒரு சொல் இருக்கும். அதைப் பார்த்ததும் அதற்கான தமிழ்ச் சொல்லை மனசுக்குள் போட்டுப் பாருங்கள். சலசல, மடமட, விறுவிறு என்று வந்து விழும். பக்கம் உயிர் பெறுவதை நீங்களே உணர்வீர்கள்.

மூன்றாம் படி: மனசில் ஓடுவதற்கேற்ப முதல் மங்காவைத் தேர்ந்தெடுங்கள்

வீடும் அடுப்பங்கரையும் உங்கள் உலகமென்றால், ஃபுமியோ கோனோவின் 'இன் திஸ் கார்னர் ஆஃப் தி வேர்ல்ட்'. மொத்தம் மூன்று தொகுதி, ஆங்கிலத்தில் ஒரே தடித்த புத்தகமாகக் கிடைக்கிறது. 2007 முதல் 2009 வரை தொடராக வந்தது. ஹிரோஷிமாவில் வளர்ந்த சுசு என்ற பெண், 1944-இல் பக்கத்திலிருக்கும் கடற்படைத் துறைமுகமான குரே நகருக்குக் கல்யாணமாகிப் போகிறாள். முன்பின் அறிமுகமில்லாத மாப்பிள்ளை, நோயாளி மாமியார், வெடுக்கென்று பேசும் நாத்தனார். போர் தீவிரமாகத் தீவிரமாக ரேஷன் குறைந்துகொண்டே போகிறது. ஓர் அத்தியாயத்தில் சுசு கிடைத்த கொஞ்சம் அரிசியை வறுத்து, நீரில் ஊறவைத்து, பிறகு வேகவைக்கிறாள். சோறு பொங்கி இரண்டு மடங்காகத் தெரியும். இந்தப் பக்கங்களை நான் என் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். "பானை நிறையும், வயிறு நிறையாது" என்றார். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் சுசுவின் வீட்டிலும் அதே கதைதான். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது, அந்த அத்தியாயத்துக்கு அது தேவைப்படவும் இல்லை.

இந்தப் புத்தகத்தில் ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்கிறேன். கதையின் ஒரு கட்டத்துக்குப் பிறகு பின்னணிக் காட்சிகள் கோணலாக, நடுங்கினாற்போல மாறும். கோனோ அவற்றைத் தன் இடது கையால் வரைந்தார். ஏன் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த இடம் வரும்போது உங்களுக்கே தெரியும், கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைக்கவும் தோன்றும். இதன் அனிமேஷன் படம் 2016-இல் வந்தது, அதுவும் அருமைதான். ஆனால் புத்தகத்தை முதலில் படியுங்கள். அந்தக் கோணல் கோடுகள் காகிதத்தில் பேசுவதுபோலத் திரையில் பேசுவதில்லை.

அப்பாவைப் பற்றி விடை கிடைக்காத கேள்வி ஏதாவது உங்களுக்குள் இருந்தால், மறுபடியும் தானிகுச்சி. 'எ டிஸ்டன்ட் நெய்பர்ஹுட்' 1998-இல் வந்தது. 48 வயது ஹிரோஷி ரயில் மாறி ஏறி, தெரியாமல் தன் சொந்த ஊரான குராயோஷியில் போய் இறங்குகிறார். அம்மாவின் கல்லறைக்குப் போன இடத்தில் மயங்கி, கண் விழிக்கும்போது 14 வயதுப் பையன். உடம்புதான் பையனுடையது, நினைவெல்லாம் 48 வயதுக்காரருடையது. அந்த வருடம்தான் அவருடைய அப்பா குடும்பத்தை விட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போனார். இந்தத் தடவை தடுத்துவிடலாமா? காலப்பயணக் கதைகள் நிறையப் பார்த்திருப்போம். இதில் இயந்திரமும் இல்லை, மர்ம முடிச்சும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் அப்பாவின் முகத்தை, அவரைவிட வயதான மகன் முதல்முறையாகப் பார்க்கிறான். இதைவிட நல்ல முதல் மங்காவை நான் யாருக்கும் இதுவரை கொடுத்ததில்லை. ஆங்கிலத்தில் இரண்டு தொகுதியும் சேர்ந்தே கிடைக்கிறது.

வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் 'சில்வர் ஸ்பூன்' வாங்குங்கள். வரைந்தவர் ஹிரோமு அரகாவா. 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' மூலம் உலகம் அறிந்தவர், ஹொக்கைடோவில் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்து பண்ணை வேலையெல்லாம் செய்தவர். மார்க் ஓட்டத்தில் நொந்துபோன ஹச்சிகென் என்ற நகரத்துப் பையன், வீட்டை விட்டுத் தூரமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு வேளாண் பள்ளியில் சேர்கிறான். அங்கே ஒரு சோதாக் குட்டிப் பன்றிக்குப் 'புட்டாடோன்' என்று பெயர் வைக்கிறான். பன்றிக்கறி போட்ட சோற்றுக்கு ஜப்பானில் அதுதான் பெயர். இறைச்சிக்கு வளர்ப்பதற்குப் பெயர் வைக்காதே என்று கூடப் படிக்கும் பண்ணை வீட்டுப் பிள்ளைகள் எச்சரிக்கிறார்கள். கடைசியில் அது வெட்டுக்குப் போகும் நாள் வருகிறது. கோடை விடுமுறையில் உழைத்துச் சம்பாதித்த காசில் அந்த இறைச்சியை அவனே வாங்கி, புகைபோட்டுப் பதப்படுத்தி, நண்பர்களோடு சாப்பிடுகிறான். சைவமோ அசைவமோ, தட்டில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று ஒரு பிள்ளையோடு பேச இதைவிட நேர்மையான கதை எனக்குத் தெரியாது. 15 தொகுதி என்பது கொஞ்சம் நீளம்தான். புட்டாடோன் கதை ஆரம்பத் தொகுதிகளிலேயே முடிந்துவிடும், அதுவரை வாங்கிப் பாருங்கள்.

மன அழுத்தத்தில் இருக்கிறீர்கள், எதுவும் நடக்காத கதை வேண்டும் என்றால் ஹிதோஷி அஷினானோவின் 'யோகோஹாமா காய்டாஷி கிகோ'. 1994 முதல் 2006 வரை நான் மேலே சொன்ன ஆஃப்டர்நூன் இதழில் வந்தது. கடல் மட்டம் உயர்ந்து, ஊர்கள் மூழ்கி, மனிதர்கள் குறைந்துபோன ஒரு காலத்தில், ஆல்ஃபா என்ற ரோபோப் பெண் கடலோரத்தில் ஒரு சின்னக் காப்பிக்கடை நடத்துகிறாள். பல நாள் ஒரு வாடிக்கையாளர்கூட வருவதில்லை. அவளுக்கு வயதாவதில்லை, சுற்றியிருப்பவர்களுக்கு ஆகிறது. பக்கத்துச் சிறுவன் வளர்ந்து பெரியவனாகி ஊரை விட்டுப் போவதைப் பார்க்கும்போது நமக்குத் தொண்டை அடைக்கும். மூலத்தில் 14 தொகுதி, ஆங்கிலத்தில் தடித்த ஐந்து புத்தகங்கள்.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாட்டி சொன்ன பேய்க்கதைகள் நினைவிருந்தால் ஷிகெரு மிசுகியின் 'நோன்னோன்பா'. 2007-இல் பிரான்சின் ஆங்குலெம் காமிக்ஸ் விழாவில் சிறந்த புத்தகமாகத் தேர்வானது. விண்வெளி பிடிக்கும், ஆனால் போர்க்கப்பல் சண்டை வேண்டாம் என்றால் மகோடோ யூகிமுராவின் 'பிளானட்டீஸ்': பூமியைச் சுற்றும் குப்பையைப் பொறுக்கும் தொழிலாளிகளின் கதை, நாலே தொகுதி. ஆங்கிலம் தடுமாறும் என்பவர்களுக்கு யுபேச்சிகாவின் 'சதோகோ அண்ட் நாடா'. அமெரிக்காவில் ஒரே வீட்டில் தங்கிப் படிக்கும் ஒரு ஜப்பானியப் பெண்ணும் சவூதிப் பெண்ணும், நான்கு நான்கு கட்டங்களாக. அகராதி பக்கத்தில் இல்லாமலே படித்துவிடலாம்.

நான்காம் படி: கொரியாவுக்குப் போங்கள், இரண்டு வாசல் உண்டு

ஒரு வாசல் போன். கொரியத் தொடர்கள் பார்ப்பவரா? நீங்கள் பார்த்தவற்றில் பாதி வெப்டூனிலிருந்து வந்தவையாகவே இருக்கலாம். எழுபது வயதில் பாலே கற்றுக்கொள்ளும் தாத்தாவின் கதையான 'நவிலெரா', 'தி சவுண்ட் ஆஃப் மேஜிக்' என்று வந்த 'அன்னாரசுமனரா', அலுவலக வாழ்க்கையைச் சொன்ன 'மிசெங்' எல்லாம் அப்படித்தான். மிசெங்கின் அமைப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாதுக் என்றும் கோ என்றும் சொல்லப்படும் பலகை ஆட்டத்தில் தொழில்முறை வீரனாக முடியாமல் போன இளைஞன், ஒரு வர்த்தக நிறுவனத்தில் தற்காலிக ஊழியனாகச் சேர்கிறான். 1989-இல் நடந்த இங் கோப்பை கோ இறுதிப் போட்டியின் கடைசி ஆட்டம் 145 நகர்த்தல்களில் முடிந்தது. மிசெங்கை வரைந்த யூன் டே-ஹோ தன் கதையின் முதல் பருவத்தையும் 145 அத்தியாயமாகவே அமைத்தார், ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு நகர்த்தல். இந்தப் பொறுமையெல்லாம் வாராவாரம் போனில் படிக்கும் வாசகர்களுக்காக.

போனில் முதல் வெப்டூனாக ஜங் ஜி-ஹூனின் 'தி ஹொரைசன்' படியுங்கள். 21 அத்தியாயம்தான். போரில் எல்லாரையும் இழந்த ஒரு சிறுவனும் சிறுமியும் நேராகப் போகும் ஒரு சாலையில் நடக்கிறார்கள். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, பேச்சு கொஞ்சம். கொடுமையான காட்சிகள் உண்டு, சிறுவர்களைப் பற்றிய கதை என்பதற்காகச் சிறுவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொரு வாசல் அச்சு. அதைப் பலர் கவனிப்பதே இல்லை, எனக்கோ அங்கேதான் பிரியம் அதிகம். கனடாவின் மான்ட்ரியாலில் இருக்கும் டிரான் அண்ட் குவாட்டர்லி என்ற பதிப்பகம் கொரியாவின் தனிப்புத்தகங்களைத் தொடர்ந்து ஆங்கிலத்தில் கொண்டுவருகிறது. யோன்-ஷிக் ஹோங்கின் 'அன்கம்ஃபர்டபிளி ஹாப்பிலி'யிலிருந்து தொடங்குங்கள். சியோல் வாடகை கட்டுப்படியாகாத ஓர் ஓவியரும் அவர் மனைவியும் மலைமேல் ஒரு வீட்டுக்குக் குடிபோகிறார்கள். குளிர், எரிபொருள் செலவு, பதிப்பாளருக்குக் கொடுக்க வேண்டிய பக்கங்கள், தோட்டத்தில் முதலில் முளைத்த கீரை. கிராமம் என்றாலே சொர்க்கம் என்று அவர் எழுதவில்லை, பணக்கவலை மலைமேலும் கூடவே வருகிறது. அவருடைய 'உம்மாஸ் டேபிள்' இன்னும் ஆழம். பாத்திரங்களைப் பூனைகளாக வரைந்திருப்பார். கைக்குழந்தையோடு கிராமத்தில் புது வாழ்க்கை ஒருபுறம், சியோலின் தரைக்கடி வீட்டில் நோயில் கிடக்கும் அம்மா மறுபுறம். அம்மாவின் கைப்பக்குவத்தை மகன் தன் அடுப்பில் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறான். உம்மா என்பது கொரிய மொழியில் அம்மா. அந்தச் சொல்லை அட்டையில் பார்த்த உடனே நான் அதை வாங்கிவிட்டேன்.

கும் சுக் ஜென்ட்ரி-கிம்மின் 'கிராஸ்' புத்தகத்தை உங்கள் பத்தாவது புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள், முதலாவதாக வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய ராணுவத்தால் பாலியல் அடிமையாக்கப்பட்ட லீ ஓக்-சுன் என்ற பெண்மணியின் வாழ்க்கை அது. 1927-இல் பூசானில் பிறந்தவர், பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதுதான் அந்தச் சிறுமியின் ஒரே ஆசை. கொடுமை நடக்கும் இடத்தில் ஓவியர் அதை வரைந்து காட்டவில்லை. தூரிகையும் கறுப்பு மையும் கட்டங்களை மூடிக்கொள்கின்றன. படிப்பவருக்கும் அந்தப் பெண்மணிக்கும் அவர் காட்டிய மரியாதை அது. காமிக்ஸுக்கான ஹார்வி விருதை 2020-இல் பெற்றது. ஒரே மூச்சில் படிக்க முயலாதீர்கள்.

ஐந்தாம் படி: முறைப்பெயர்களைக் கவனியுங்கள்

கொரியக் கதைகளில் ஓப்பா, ஹியொங், ஊன்னி, நூனா என்று கூப்பிடுவார்கள். பெண் அண்ணனைக் கூப்பிடுவது ஓப்பா, ஆண் அண்ணனைக் கூப்பிடுவது ஹியொங். அக்காவுக்கும் அப்படியே இரண்டு சொல். உடன்பிறக்காதவர்களையும் இப்படிக் கூப்பிடுவார்கள், கடைக்காரப் பெண்மணியை 'அஜும்மா' என்பார்கள். பஸ் கண்டக்டரை அண்ணே என்றும் பூக்காரரை அக்கா என்றும் கூப்பிடும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பில் இவை பெரும்பாலும் வெறும் பெயராகிவிடும். ஒரு பாத்திரம் திடீரென்று முகம் சிவந்தாலோ, கோபித்துக்கொண்டாலோ, அங்கே அழைக்கும் முறை மாறியிருக்கிறது என்று ஊகியுங்கள். மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தவர் 'வா, போ'வுக்கு மாறியிருப்பார். ஜப்பானியத்தில் சான், குன், சென்பாய் எல்லாம் இதே வேலையைச் செய்கின்றன. மொழிபெயர்ப்பாளர் இவற்றை அப்படியே விட்டிருந்தால் நமக்கு லாபம்.

ஆறாம் படி: காசு கொடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்

தொடர் ஜப்பானில் முடிந்துவிட்டதா, ஆங்கிலத்திலும் முழுவதும் வந்துவிட்டதா? இரண்டும் வேறு வேறு கேள்விகள். பல வருடம் முன்பு ஒரு தொடரின் ஐந்து தொகுதியை ஆசையாக வாங்கினேன். விற்பனை போதவில்லை என்று பதிப்பகம் அதோடு ஆங்கிலப் பதிப்பை நிறுத்திவிட்டது. கதாநாயகி ரயில் நிலையத்தில் காத்திருப்பதோடு என் பிரதி நிற்கிறது. வந்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதிகம் அறியப்படாத தொடர்களில் இந்த ஆபத்து உண்டு. ஆகவே முடிந்த தொடர், குறைந்த தொகுதி என்ற விதியை முதல் ஒரு வருடமாவது கடைப்பிடியுங்கள்.

இலவசமாகச் சட்டப்படி படிக்க வழி இருக்கிறது. ஜப்பானின் ஷுஎய்ஷா பதிப்பகத்தின் மங்கா ப்ளஸ் செயலி 2019-இல் வந்தது. வெப்டூன் செயலியிலும் நிறைய இலவசம், காத்திருக்கப் பொறுமை இருந்தால் போதும். மின்னூலாக விற்கும் கடைகளில் முதல் சில பக்கங்களை மாதிரியாகக் காட்டுவார்கள். ஓவியம் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். ரசிகர்களே மொழிபெயர்த்து ஏற்றும் ஸ்கேன்லேஷன் தளங்கள் எளிதாகக் கைக்கு வரும். யார் கேட்டாலும் சொல்வேன்: அதிகாரபூர்வப் பதிப்பு இருக்கும் புத்தகத்தை அங்கே படிக்காதீர்கள். ஒன் பீஸுக்கு அது சிறு சிராய்ப்பு. ஆயிரக்கணக்கில் மட்டுமே விற்கும் ஒரு புத்தகத்துக்கோ, அடுத்த தொகுதி வருமா வராதா என்பதையே அது முடிவு செய்துவிடும்.

கனடா, அமெரிக்கப் பதிப்பகங்களின் பெரிய புத்தகங்கள் இங்கே வந்து சேரும்போது விலை கூடிவிடும். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, ஆளுக்கொன்று வாங்கிச் சுற்றிக்கொள்கிறோம். இப்படி வருடத்துக்கு ஒருவர் மூன்று புத்தகம் வாங்கினாலே பன்னிரண்டு படித்துவிடலாம். எங்கே படிப்பது என்றால், வெப்டூனுக்குப் போன் போதும். மங்காவை அச்சிலோ டேப்லெட்டிலோ படியுங்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படமாக வரைந்திருக்கும் இடங்கள் போன் திரையில் குறுகிப்போகும்.

படம் அழகாக இருக்கிறது என்பதை வைத்து வயதை முடிவு செய்யாதீர்கள். பின்னட்டையில் வயதுக் குறிப்பு இருக்கும். அன்கோவின் 'பேட் ஃபிரண்ட்ஸ்' பள்ளிச் சிறுமிகளைப் பற்றியதுதான், ஆனால் வீட்டிலும் பள்ளியிலும் அவர்கள் வாங்கும் அடிகளைப் படிக்கப் பெரியவர்களுக்கே மனத்திடம் வேண்டும்.

ஏழாம் படி: ஒரு புத்தகம் முடிந்ததும் ஆளைப் பின்தொடருங்கள்

அடுத்தது என்ன என்று பட்டியலுக்குத் திரும்ப வேண்டாம். பிடித்த புத்தகத்தை வரைந்தவரின் இன்னொரு புத்தகத்துக்குப் போங்கள். கோனோவைப் பிடித்திருந்தால் அவருடைய 'டவுன் ஆஃப் ஈவ்னிங் காம், கன்ட்ரி ஆஃப் செர்ரி பிளாசம்ஸ்'. அணுகுண்டு விழுந்து பத்து வருடம் கழித்து ஹிரோஷிமாவில் வாழும் ஒரு பெண்ணிடமிருந்து தொடங்கி, அடுத்தடுத்த தலைமுறைக்கு நகரும் சின்னப் புத்தகம். ஒரே மாலையில் முடிந்துவிடும், வெகு நாள் கூடவே இருக்கும்.

நம் ஊர் சம்பந்தப்பட்ட ஒன்றும் இருக்கிறது. யூகிச்சி யாமாமத்சு என்ற மங்கா ஓவியர், ஐம்பதைத் தாண்டிய வயதில், இந்தியோ ஆங்கிலமோ தெரியாமல் டெல்லிக்கு வந்து, மங்காவை இந்தியில் அச்சடித்துத் தெருவில் விற்கப் பார்த்தார். அந்த அனுபவத்தை அவரே வரைந்த 'ஸ்டுப்பிட் கை கோஸ் டு இந்தியா'வை ஆங்கிலத்தில் வெளியிட்டது சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம். பழைய புத்தகக் கடைகளில் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்.

அக்கா மகன் இப்போது சில்வர் ஸ்பூனின் இரண்டாவது தொகுதியில் இருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். "மாமா, அந்தப் பன்னிக்குட்டிய கடைசில என்ன பண்ணுவாங்கன்னு சொல்லாதீங்க. நானே படிச்சுக்கறேன்" என்றான்.